மலைப் பக்கம் நடந்தவன்

கணக்கே கிடையாது என்று சொல்லித்தான் அந்தப் பாடத்துக்கு ஆள் சேர்த்தார்கள். வணிகவியலும் தமிழும் படிக்க வந்த முதலாண்டுப் பிள்ளைகள் ஏதாவது ஓர் அறிவியல் பாடம் எடுத்தே தீரவேண்டும் என்று விதி வந்தபோது, வேங்கிக்காலைத் தாண்டியிருந்த அந்தத் தனியார் கல்லூரி 'இயற்பியல் கருத்துகள்: ஓர் அறிமுகம்' என்று ஒன்றைத் தொடங்கி ரேவதியின் தலையில் கட்டியது. சூத்திரம் இல்லை, கணக்கு இல்லை, புரிந்தால் போதும். உப்பில்லாத சாம்பார் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். ரேவதிக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பஸ் பிரேக் போட்டால் நாம் ஏன் முன்னால் விழுகிறோம் என்று ஒருவனுக்கு உண்மையாகப் புரிந்துவிட்டால் பாதி இயற்பியல் புரிந்துவிட்டது என்பது அவள் கட்சி.

முதல் வாரத்தில் எல்லோரையும் எழுந்துபோய்ச் சுவரைத் தள்ளச் சொன்னாள். நீங்கள் தள்ளுவது தெரிகிறது, சுவர் உங்களைத் திருப்பித் தள்ளுவது தெரிகிறதா என்று கேட்டாள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். இரண்டாம் வாரம், ஓடுகிற பொருள் தானாக நிற்காது, யாராவது நிறுத்தினால்தான் நிற்கும் என்றாள். பந்தை உருட்டினால் நின்றுவிடுகிறதே என்று ஒருவன் மடக்கினான். பந்து நிற்கவில்லை, தரை நிறுத்துகிறது, தரை இல்லாவிட்டால் அது போய்க்கொண்டேதான் இருக்கும் என்றாள். அதை ஒருவரும் நம்பவில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிறதே என்று விட்டுக்கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் தூரமும் இடப்பெயர்ச்சியும். திருவண்ணாமலையில் அதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கிரிவலம் போகிறோம், கால் கழன்றுபோகிற அளவு நடக்கிறோம், கடைசியில் புறப்பட்ட ராஜகோபுரத்துக்கே வந்து நிற்கிறோம். நடந்த தூரம் பெரிது. புறப்பட்ட இடத்துக்கும் வந்து நின்ற இடத்துக்கும் உள்ள நேர் இடைவெளி, அதாவது இடப்பெயர்ச்சி?

பூஜ்ஜியம் என்று முதலில் சொன்னவள் அப்ரோஸ். பேருந்து நிலையத்தை ஒட்டிப் பாத்திரக்கடை வைத்திருப்பவரின் மகள், பி.காம். கேள்வி கேட்காமல் ஒரு வகுப்பைக்கூடக் கடக்கமாட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவனுக்கும் மலையைச் சுற்றி வந்தவனுக்கும் அப்போது வித்தியாசமே இல்லையா என்று கேட்டாள். இடப்பெயர்ச்சியில் இல்லை என்று ரேவதி சொன்னாள். பாதியில் நின்றவனுக்குத்தான் வித்தியாசம் என்று அடுத்து வந்த வாக்கியத்தை விழுங்கிக்கொண்டாள்.

பாதியில் நின்றவன் அவள் தம்பி வேணு. பிளக்ஸ் அச்சடிக்கும் கடையில் வேலை. பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவான். போகும்போது ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போவான். வண்டியில் விட்டால் எவனாவது அடித்துக்கொண்டு போய்விடுவான் என்று, அந்தச் சிவப்பு ஹெல்மெட்டை வாரைப் பிடித்து முட்டிவரை தொங்கவிட்டுக்கொண்டு மலையையே சுற்றி வருவான். சாமிக்கே பயந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு போகிறான் என்று வீட்டில் சிரிப்பார்கள். சென்ற வருடம் ஒரு பௌர்ணமியில், அடி அண்ணாமலையைத் தாண்டியதும் நெஞ்சடைத்து உட்கார்ந்துவிட்டான். களைத்துப்போன ஆள் என்று நினைத்துக் கூட்டம் தாண்டிப் போயிருக்கிறது. யாரோ தொட்டுப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹெல்மெட்டை மட்டும் எந்தப் புண்ணியவானோ எடுத்துக்கொண்டு போய்விட்டான். அடி அண்ணாமலை பெரிய கோயிலுக்கு நேர் பின்னால், மலைக்கு அந்தப் பக்கம். புறப்பட்ட இடத்திலிருந்து அதைவிடத் தள்ளிப் போக அந்தப் பாதையில் இடமே இல்லை. ரேவதி இதைப் பல தடவை யோசித்திருக்கிறாள். யோசித்து என்ன பயன் என்றும் யோசித்திருக்கிறாள்.

அவள் அந்தப் பாதைப் பக்கமே போவதில்லை. ஆனாலும் செய்முறைக்கு அதைவிட நல்ல இடம் எங்கே இருக்கிறது? எட்டுத் திக்குக்கு எட்டு லிங்கம், ஒவ்வொன்றின் வாசலிலும் நான்கைந்து பிள்ளைகள், சாலைக்குக் குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு. ஒருவன் நடந்து வருவான். அவன் கால் கோட்டைத் தாண்டும்போது கைப்பேசியில் நேரத்தைக் குறிக்க வேண்டும். பிறகு வகுப்பில் புள்ளி வைத்துப் பார்த்தால் மனிதன் எப்படி நடக்கிறான் என்பது படமாகத் தெரிந்துவிடும்.

சிக்கல் ஒன்றுதான். பௌர்ணமி இல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே ஆட்கள் நடப்பார்கள். நம் ஆள் எவன் என்று எப்படித் தெரியும்? பாதிப் பிள்ளைகளுக்கு மறுபாதியின் முகமே இன்னும் பழக்கமாகவில்லை. ரேவதிக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது. கிரிவலம் போகிறவர்கள் எல்லோரும் சாலையின் இடது ஓரத்தில்தான் நடப்பார்கள். வலது ஓரம், மலையை ஒட்டிய பக்கம், சித்தர்களும் தேவர்களும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற பக்கம் என்று விட்டுவிடுவார்கள். அங்கே ஒருவன் மட்டும் நடந்தால் அவன்தான் நம் ஆள்.

நடப்பதற்கு இளவரசனைத் தேர்ந்தெடுத்தாள். செங்கம் பக்கத்துக் கிராமத்துப் பையன், தமிழ் படிக்கிறவன், கட்டுமஸ்தான ஆள். அவன் எழுந்து நின்று தயங்கினான்.

"அந்தப் பக்கம் நடக்கக்கூடாதுனு சொல்லுவாங்களே மேடம்."

"சித்தர் வந்தா ஒதுங்கி வழி விடு," என்றாள் ரேவதி. வகுப்பே சிரித்தது.

மற்றவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வருகிறவன் முகத்தைப் பார்க்காதீர்கள், பார்த்தால் பேசுவீர்கள், பேசினால் நேரம் தப்பும். கோட்டையும் காலையும் மட்டும் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ராஜகோபுரத்தடியில் இளவரசனை அவளே அனுப்பிவைத்துவிட்டுக் கல்லூரியில் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டாள். மறுநாள் ஒவ்வொரு குழுவாக நேரத்தைச் சொல்லச் சொல்ல, கரும்பலகையில் புள்ளி வைத்தாள். இந்திர லிங்கம், அக்கினி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம், வருண லிங்கம். வைத்துவிட்டு அளவுகோலை எடுத்துப் புள்ளிகளின் மேல் பொருத்தினாள். எல்லாம் அளவுகோலின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட மேலேயோ கீழேயோ விலகவில்லை; நடந்தவன் வேகம் எங்கேயும் இம்மிகூட மாறவில்லை.

அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இரண்டு கால் உள்ள எவனும் அப்படி நடப்பதில்லை. தண்ணீர் குடிப்பான், வெயில் ஏறினால் தளர்வான், தேங்காய் உடைப்பவனைப் பார்த்து நிற்பான். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினீர்களா என்று சத்தம் போட்டாள். இல்லை என்று ஐந்து குழுவும் சாதித்தது. வருண லிங்கத்துக்கு அப்பால் அடி அண்ணாமலையைத் தாண்டி நின்ற மூன்று குழுக்களோ, மத்தியானம் வரை காய்ந்தோம், மலைப் பக்கம் ஒரு ஈ காக்கை வரவில்லை என்று முறையிட்டன. சரி, பயல் அடி அண்ணாமலையில் இட்லி சாப்பிட உட்கார்ந்துவிட்டான் என்று முடிவு செய்து இளவரசனை எழுப்பினாள்.

இளவரசன் தலையைத் தூக்காமல் உண்மையைச் சொன்னான். அவன் நடக்கவே இல்லை. கோபுரத்தைத் தாண்டித் திருப்பத்தில் மேடம் கண்ணிலிருந்து மறைந்ததும் பயந்துபோய் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டான். இந்திர லிங்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

"அப்ப யாருக்குடா நேரம் எடுத்தாங்க?"

எம லிங்கத்தில் நின்றிருந்த அப்ரோஸ்தான் பதில் சொன்னாள். "மலைப் பக்கம் ஒருத்தர் வந்தாரு மேடம். நீங்க சொன்ன மாதிரி காலத்தான் பாத்தோம், மொகத்தப் பாக்கல. வெறுங்கால். முட்டிகிட்ட ஒரு செவப்பு ஹெல்மெட் ஆடிக்கினு போச்சு. இளவரசன்தான் எங்கியோ வண்டிய உட்டுட்டு வரான்னு நெனச்சோம்."

ஹெல்மெட்டை நாங்களும் பார்த்தோம் என்று நிருதி லிங்கத்துக் குழு சொன்னது. வருண லிங்கத்துக் குழுவும் சொன்னது. ரேவதி கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். புள்ளிகள் எங்கே முடிந்திருந்தன என்பதை அப்போதுதான் உள்ளபடி பார்த்தாள். வகுப்பு முடிந்தது, போகலாம் என்று சொன்னாள்.

எல்லோரும் போனபின் அப்ரோஸ் மட்டும் நின்றாள். அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

"ஓடறது தானா நிக்காதுனு சொன்னீங்க மேடம். நின்னது? அதும் தானா நகராதுல்ல? யாராச்சும் தள்ளணும்ல? நீங்க பாதிதான் சொன்னீங்க."

ஆமாம் என்றாள் ரேவதி. பாதிதான் சொல்லியிருந்தாள்.

வீட்டில் அம்மா பாஞ்சாலை வாசல் கேட்டுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. வேணு போனதிலிருந்து அப்படித்தான். ரேவதி படுக்கப் போகும் முன் போடுவாள், காலையில் பார்த்தால் திறந்திருக்கும். அதில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறுகூட நடந்து ஓய்ந்துவிட்டது. இன்னொன்றும் உண்டு. தினம் பொழுது விடியும்போது அம்மா தெருவில் போய் நின்று, பார்த்துப் போய்விட்டு வா என்று வெறும் தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வருவாள். பெற்ற வயிறு, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ரேவதி கண்டுகொள்ளாமல் இருந்தாள். அன்று சாயங்காலம் முதன்முறையாக, ஏன் அப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாள்.

"போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான போனான்," என்றாள் அம்மா. "போறேன்னா சொன்னான்? சுத்தி முடிச்சா வந்துடுவான். பாதில நின்னுனு இருக்கான்."

அம்மா அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். ரேவதிக்கு அப்போதுதான் பிடிபட்டது. தினமும் விடியற்காலையில் ஒரு தள்ளு தள்ளி அனுப்புகிறாள் இவள். அவனும் புறப்பட்டுப் போகிறான், விழுந்த இடம்வரை போகிறான், அங்கே நிற்கிறான். மறுநாள் மறுபடியும். ஒரு வருடமாக இதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்றால், இன்னும் எத்தனை வருடம்? நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அவள் படித்த படிப்பு அந்த வாரம் முழுக்க அவளோடு சண்டை போட்டது. தம்பி நடுவழியில் நிற்கிறான் என்ற எண்ணம்தான் கடைசியில் ஜெயித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா தெருவில் நின்று சொன்னது காதில் விழுந்தவுடன் ரேவதி ஸ்கூட்டியை எடுத்தாள். கோபுரத்தருகே நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றி வைத்தாள். இடது ஓரமாக நடந்தாள். முதலில் எதுவும் இல்லை. வலது பக்கம் வெறும் சாலை, அதற்கு அப்பால் மலை. அக்கினி லிங்கத்தருகே தான் பிள்ளைகளுக்குச் சொன்னது நினைவுக்கு வந்தது. முகத்தைத் தேடுவதை விட்டாள். பார்வையைத் தாழ்த்திச் சாலையின் அந்த ஓரத்தை மட்டும் பார்த்தாள்.

இரண்டு கால்கள் நடந்துகொண்டிருந்தன. வெறுங்கால்கள். முட்டிக்குப் பக்கத்தில் சிவப்பு ஹெல்மெட் ஆடியது. இடது கால் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. வண்டியின் ஸ்டாண்டு விழுந்து கறுத்த நகம். மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டவளே அவள்தான். பார்வையை உயர்த்தினால் மலை மட்டும்தான் இருந்தது, தாழ்த்தினால் கால்கள் இருந்தன. அழுதால் கண் மறைக்கும், மறைத்தால் விட்டுவிடுவோம் என்று பயந்தாள்.

கூடவே நடந்தாள். அந்தக் கால்கள் வேகம் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எம லிங்கத்தைத் தாண்டி, நிருதி லிங்கத்தைத் தாண்டி, கோவணத்தோடு உட்கார்ந்திருந்த சாமியார்களைத் தாண்டி, இளநீர்க் கடைகளைத் தாண்டி, ஒரே மாதிரி எடுத்துவைத்தன. அவளுக்கு மூச்சு வாங்கியது, அவனுக்கு வாங்கவில்லை. எதிரே வந்த ஒரு வயதான பெண்மணி ரேவதியைப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு சாலையின் அந்த ஓரத்தைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனாள்.

வருண லிங்கம் போயிற்று. அடி அண்ணாமலைக் கோயில் போயிற்று. ஊர் முடிந்து ஒரு புளியமரத்தடி வந்ததும் கால்கள் நின்றன.

அப்படியே நின்றன. ஹெல்மெட்டும் ஆடாமல் தொங்கியது. ரேவதி பொறுத்துப் பார்த்தாள். ஒரு டிராக்டர் போயிற்று, கட்டைப் பையோடு நாலு பேர் போனார்கள், வெயில் ஏறியது. கால்கள் நகரவில்லை. நின்ற பொருள் தானாக நகராது என்பதை இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

வேணுவின் பழைய வண்டிக்கு செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கரும் பாதி நாள் வேலை செய்யாது. காலையில் அவன் ஏறி உட்கார்ந்துகொண்டு, அக்கா ஒரு கை போடு என்பான். அவள் புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் முதுகில் கை வைத்துத் தள்ளுவாள். தெருவே வேடிக்கை பார்க்கும். ரேவதி அந்தச் சாலையைக் குறுக்கே கடந்தாள். யாரும் நடக்காத ஓரத்துக்குப் போனாள். கால்களுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் வெற்றுக் காற்றில் நீட்டினாள்.

"கை போடறேன், இரு," என்றாள்.

தள்ளினாள். கைகள் காற்றில் வழுக்கிப் போகும் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. உள்ளங்கைகள் எதன்மீதோ முட்டின. வெதுவெதுப்பான, வியர்வையில் நனைந்த ஒன்று. அவள் தள்ளத் தள்ள அது அவளைத் திருப்பித் தள்ளியது. முதல் வாரத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். அவர்களைப் போல அவளால் சிரிக்க முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, குதிகாலைத் தாரில் ஊன்றி, வண்டி தள்ளுகிற மாதிரியே தள்ளினாள். மெல்ல அது விட்டுக்கொடுத்தது. ஹெல்மெட் ஆடியது. கறுத்த நகம் உள்ள கால் ஓர் அடி எடுத்து வைத்தது.

அதற்குப் பிறகு அவள் அந்த ஓரத்திலேயே நடந்தாள். வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானிய லிங்கம். உச்சி வெயிலில் ராஜகோபுரம் கண்ணில் பட்டபோது அவளுக்குக் குழந்தையைப் போலச் சந்தோஷம் வந்தது. முடிந்தது, இடப்பெயர்ச்சி பூஜ்ஜியம், இனி இவன் நின்றுவிடுவான் என்று நினைத்தாள்.

கால்கள் கோபுரத்தைத் தாண்டிப் போயின. அதே வேகத்தில், தயங்காமல், இந்திர லிங்கத்தின் பக்கம் திரும்பிவிட்டன.

ரேவதி ஒரு கணம் நடுத்தெருவில் அப்படியே நின்றாள். தானாக நிற்காது என்று கரும்பலகையில் எழுதியது அவள் கைதானே. தள்ளிவிட்டது அவள். அவனுக்கோ தரை ஒரு பொருட்டில்லை, வெயில் ஒரு பொருட்டில்லை, பசி இல்லை. எது நிறுத்தும்? இதுவரை பாதி தூரம் போய் நின்றுகொண்டிருந்தவனை இனி நிற்காமலே சுற்ற வைத்துவிட்டாளா? ஓடிப்போய் ஸ்கூட்டியை எடுத்தாள். பாதையோடு வேகமாகப் போனாள். வழியில் அவனைத் தாண்டியிருப்பாள், ஆனால் தரையைப் பார்க்கவில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் முன்னால், வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு மலைப் பக்க ஓரத்தில் வந்து, வந்த வழியைப் பார்த்து நின்றாள்.

எதிரே காபிக் கடை வராந்தாவில் இரண்டு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஆட்டோக்காரன் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தான். அவள் ஒதுங்கவில்லை. தலையைக் குனிந்து தாரைப் பார்த்தாள். தூரத்தில் கானலுக்குள்ளிருந்து கால்கள் வந்தன. ஒரே சீராக வந்தன. நிறுத்துவதற்கு ஒரு விசை வேண்டும், எதிர்த் திசையில். கையை நீட்டித் தடுக்கலாம் என்று நினைத்தாள். கால்கள் நெருங்க நெருங்க அவளால் கையை அப்படி நீட்ட முடியவில்லை. கைகள் தாமாக விரிந்தன. நடை பழகிய காலத்தில் அம்மாவின் மடியிலிருந்து அவனை இறக்கிவிட்டால், ரேவதி எதிரே உட்கார்ந்து கைகளை அப்படித்தான் விரித்துக்கொண்டிருப்பாள்.

கண்ணை மூடிக்கொண்டாள். நெஞ்சில் ஏதோ வந்து மோதியது. ஓர் ஆளின் கனம் முழுதும் இருந்தது. ரேவதி ஓர் அடி பின்னால் போய், காலை ஊன்றி, இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விடவில்லை. பிளக்ஸ் மை வாசனை வந்தது. வராந்தாவில் பேச்சு நின்றுபோனது.

கண்ணைத் திறந்து கீழே பார்த்தபோது தாரில் அவள் கால்கள் மட்டும் இருந்தன. அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு வருட அழுகை, சாலையோரத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள். ஆட்டோக்காரன் இறங்கி வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது கேட் உள்ளே தாழிட்டிருந்தது. ரேவதி கம்பியைப் பிடித்தபடி நின்று கூப்பிட்டாள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து திறந்தாள். தினமும் ரேவதியின் தோளைத் தாண்டித் தெருவைப் பார்க்கிறவள், அன்று பார்க்கவில்லை.

"அவன் அப்பவே வந்துட்டான்," என்றாள். "உன்னத்தான் காணமேனு பாத்துனு இருந்தேன்."

ரேவதி தலையைக் குனிந்து தரையைப் பார்க்கப் போனாள். பிறகு வேண்டாம் என்று நினைத்து, கேட்டைத் தாழிட்டுவிட்டு உள்ளே போனாள்.